குதிரை ஏறுமுன் லாயம் கூட்டுவோம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கோடை விடுமுறை வந்துவிட்டால் சென்னை, பெங்களூர் போன்ற பெருநகரங்களில் சிறுவர் சிறுமியருக்குக் குதிரையேற்றப் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிடுகின்றன. ஆரோவில்லுக்கு அருகே உள்ள ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் போன்ற பள்ளிகளில் பிள்ளைகள் சேணம் பூட்டவும் குதிரையைத் தேய்த்துவிடவும் கற்றுக்கொள்கிறார்கள். குடியாத்தத்தில் இருக்கும் நமக்கு இவையெல்லாம் ஏதோ அரசகுமாரிகளின் கதை போலத் தோன்றுகின்றன. நமக்கு விடுமுறை என்றால் தையல், தட்டச்சு, இந்தி. வசதி இருந்தால் கணினி. "குதிரையா, உனக்கா?" என்று வீட்டில் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நம் போன்ற சிற்றூர்ப் பள்ளி மாணவிகளுக்குத்தான் குதிரை பேணும் பயிற்சி முதலில் வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏறிச் சவாரி செய்வது அதற்குப் பிறகு.

"நம் ஊரில் குதிரையே இல்லையே, எதைப் பேணுவது?" என்று தோழியர் சிலர் கேட்டனர். இல்லாமலா இருக்கிறது? நம் தாத்தா பாட்டி காலத்தில் ரயிலடியில் இறங்கினால் ஊருக்குள் வர ஜட்கா வண்டிதான் என்பார்கள். ஜட்கா போய் ஆட்டோ வந்துவிட்டது உண்மைதான். ஆனால் முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்கு வரும் வெள்ளைக் குதிரையைப் பார்க்காதவர் நம்மில் யார்? சாரட்டு வண்டியில் இரட்டைக் குதிரை பூட்டி வருவதும் உண்டு. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் ஜெனரேட்டர் வண்டி, பக்கத்தில் பத்தாயிரம் வாலா. அந்தச் சத்தத்தில் நாமே காதைப் பொத்திக்கொள்கிறோம். குதிரைக்குக் காது எவ்வளவு கூர்மை என்பதை யாரும் நினைப்பதில்லை. தலையில் குஞ்சம் ஆட, கண் பிதுங்க, வாயோரத்தில் நுரை தள்ளி நிற்கும் அதைப் பார்த்து, "எவ்வளவு அழகாக ஆடுகிறது!" என்று நாம் கைதட்டுகிறோம். அது ஆடவில்லை, நடுங்குகிறது.

போதாக்குறைக்கு அன்பு வேறு. விருந்தில் மிஞ்சிய லட்டு, கேசரி, சாதம் என்று ஆளாளுக்கு அதன் வாயில் ஊட்டுவார்கள். மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட பெரிய வயிறு. குதிரைக்கு ஒரே அறை. அதுவும் உடம்புக்குச் சிறியது. சிறிது சிறிதாக நாள் முழுவதும் மேய்வதற்காகப் படைக்கப்பட்ட பிராணி அது. இன்னொன்றையும் அறிந்து நாங்கள் திகைத்தோம்: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாத உணவு உள்ளே போனால் அது குடலிலேயே கிடந்து நொதித்து, காற்று உப்பி, தாங்க முடியாத வயிற்றுவலியைக் கொடுக்கும். குதிரை தரையில் விழுந்து புரளும். தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். வைத்தியம் தாமதித்தால் சாவுதான். நாம் பிரியமாக ஊட்டிய லட்டு அதற்கு நஞ்சாக முடியலாம்.

இதைப் படிக்கும்போது சரித்திரத்தில் ஒரு செய்தி எங்கள் கண்ணில் பட்டது. சுமார் 1290-களில் நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் அரபு நாடுகளிலிருந்தும் ஹோர்மூசிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகளை வாங்கியதை எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 2000-க்கும் மேல் வாங்கினாராம் அரசர். ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லையாம். போரில் மாண்டதாலா? இல்லை. வளர்க்கத் தெரியாததால். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுத்தார்கள் என்றும், லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் இங்கே ஆள் இல்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். விற்க வந்த வியாபாரிகள் அத்தகைய வைத்தியரை வேண்டுமென்றே அழைத்து வருவதில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்! யாத்திரிகர்கள் எண்களைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது வழக்கம்தான். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி வெட்கப்படத் தக்கதாக இருக்கிறது. பொன்னைக் கொட்டி வாங்கத் தெரிந்தது, பேணத் தெரியவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கல்யாண வீட்டில் குதிரைக்குச் சோறு ஊட்டுகிறோமே, இதை என்னவென்பது?

குதிரையை நாம் மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கல்லிலும் மண்ணிலும் நம்மைப் போல் மதித்தவர் இல்லை. வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலின் கலியாண மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைச் சுற்றுலா சென்றபோது நாங்கள் கண்டோம். கடிவாளத்தின் வார், அங்கவடி, கழுத்து மணி எல்லாம் கல்லில். கிராமத்து எல்லையில் ஐயனாருக்கு ஆளுயர மண் குதிரைகள். செஞ்சியை ஆண்டு 1714-இல் போரில் இறந்த தேசிங்கு ராஜனையும் அவன் குதிரையையும் பாடாத கிராமம் இல்லை; அவன் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டை என்ற பெயர் வந்ததாகச் சொல்வர். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-இல் வேலூர்ச் சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றியபோது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை சில மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் குதிரைகள் நல்ல நிலையில் லாயத்தில் நின்றிராவிட்டால் அன்றைய நாளின் முடிவே வேறாக இருந்திருக்கும். வெள்ளையர் இதை நன்கு அறிந்திருந்தனர். அதனால்தான் 1824-இலேயே ஓசூருக்கு அருகே மத்திகிரியில் படைக்குதிரை வளர்க்கப் பெரிய பண்ணை ஒன்றை அமைத்தனர். அது இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கிறது.

சரி, முகாமில் என்னதான் கற்பிப்பார்கள்? குதிரைமேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, புகைப்படம் எடுத்துக்கொண்டு இறங்குவதை மெரினாவிலும் ஊட்டி ஏரிக்கரையிலும் நம்மில் பலர் செய்திருக்கிறோம். அதற்குப் பெயர் பயிற்சி அன்று, வேடிக்கை. இங்கிலாந்தில் 1929-இல் சிறுவர் சிறுமியருக்காக 'போனி கிளப்' என்ற சங்கம் தோன்றியது. இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. அங்கே சவாரியில் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் படி ஏற முடியாது. குதிரையின் உறுப்புகளின் பெயர் தெரியவேண்டும். பயமில்லாமல் பக்கவாட்டில் அணுகவேண்டும். குளம்பைத் தூக்கி அழுக்கைக் கொத்தி எடுக்கவேண்டும். தீனியும் தண்ணீரும் எப்போது எவ்வளவு என்று சொல்லவேண்டும். படிப்படியாகத் தேர்வுகள். லாயம் கூட்டத் தெரியாதவருக்குச் சேணம் இல்லை என்ற இந்த ஒழுங்கு எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்காமல் சாப்பிட மட்டும் உட்காரும் அண்ணன்மாருக்கும் இப்படி ஒரு சங்கம் இருந்தால் நன்றாக இருக்கும்!

கற்க வேண்டியவை நாங்கள் நினைத்ததைவிட அதிகம். முந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு கிலோ உலர்ந்த புல்லாவது வேண்டும். கொள்ளு அதற்குமேல், வேலைக்குத் தக்கபடி. நம் பக்கத்து வெயிலில் தண்ணீர் குடம் குடமாகக் குடிக்கும். தாடைக்கு அடியில் விரலை வைத்தால் நாடி தெரியும்: ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. நம் நாடி எழுபதுக்கு மேல் துடிப்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கு வலி என்றால் வாய் திறந்து சொல்லாது, நாடி சொல்லும். கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் அது கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் மூக்கருகிலும் இருப்பது அதற்குத் தெரியாது. பின்னால் சென்று திடீரெனத் தொட்டால் உதைப்பது அதனால்தான். கெட்ட குணத்தால் அன்று. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவிக் கட்டவேண்டும். குளம்பு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும். இரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய் குதிரைக்கு எளிதில் பற்றும். தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம். ஒரு துருப்பிடித்த ஆணி போதும், அந்த ஊசி போடாத குதிரைக்கு.

இனி நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்லவேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றி எங்கும் தோல்தான். எங்கள் வகுப்பிலேயே பதனிடும் தொழிற்சாலைக்குப் போகும் தகப்பன்மாரும், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். அந்த வாடையைச் சொல்லி வெளியூர்க்காரர் மூக்கைப் பிடிக்கும்போது எங்களுக்குக் கோபம் வரும். ஆனால் பாருங்கள், சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் ஏற்ற தோல் பழங்காலமாய் மரப்பட்டையாலும் காயாலும் பதனிட்ட தோல்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதா? இருந்தும் சேணம் செய்யும் தொழில் வடக்கே கான்பூரில் வேரூன்றியது. ஆங்கிலேயர் தம் படைக்காக அங்கே சேணத் தொழிற்சாலையை வைத்தார்கள், அதிலிருந்து தொழில் பரவி இன்றும் அங்கிருந்து வெளிநாடுகளுக்குச் சேணம் போகிறது. நம் பகுதி ஷூ பக்கம் போய்விட்டது.

குதிரையை அறிந்தவர்தான் நல்ல சேணம் செய்ய முடியும். முதுகெலும்பின்மேல் சேணம் அழுந்தக்கூடாது; நடுவில் காற்றுப் போக இடைவெளி இருக்கவேண்டும். இரு பக்கமும் எடை சமமாகப் பரவவேண்டும். தையல் முடிச்சு ஒன்று உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் ஒரே நாளில் தோல் உரிந்து புண்ணாகும். ஊர்வலக் குதிரைகளின் முதுகில் ஜரிகைத் துணியை விலக்கிப் பார்த்தால் தெரியும், பழைய கோணியும் கயிறும் என்ன செய்திருக்கின்றன என்று. செருப்புக் கடித்தால் நாம் வீட்டுக்கு வந்து கழற்றி எறிகிறோம். அதற்கு அந்த வசதி இல்லை. ஷூவின் அளவு ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்பப்படும் என்று அறிந்த தாய்மாரின் பிள்ளைகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கவேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் மனத்தில் ஓடும் எண்ணம் எங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைக்கு எதற்கு இது? விழுந்து கை கால் ஒடிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்? வயதுக்கு வந்த பெண் குதிரை ஏறினால் உடம்புக்கு ஆகாது என்று பாட்டிமார் சொல்வதும் உண்டு. பாட்டிமாரிடம் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் இதற்கு மட்டும் பணிய முடியவில்லை. வெள்ளையரிடம் இழந்த சிவகங்கையை 1780-இல் மீட்ட வேலு நாச்சியார் குதிரையேற்றம் பயின்றவர். அவர் ஒரு பெண் குழந்தைக்குத் தாயும் ஆவார். புனித ஜோன் ஆஃப் ஆர்க் 1429-இல் ஓர்லியான்ஸ் நகரைக் காக்கப் படையோடு குதிரையில் சென்றபோது அவருக்கு வயது பதினேழு இருக்கும், நம்மைவிட இரண்டே வயது மூத்தவர். (இங்கே ஒரு வார்த்தை: புனித சின்னப்பர் தமஸ்கு நகர் வழியில் குதிரையிலிருந்து விழுவதாகப் படங்களில் எல்லாம் பார்க்கிறோம். அப்போஸ்தலர் பணியைத் திறந்து பாருங்கள், அந்த இடத்தில் குதிரையே கிடையாது. ஓவியர்கள் சேர்த்ததுதான்.)

ஒலிம்பிக் பந்தயங்களில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே பதக்கத்துக்காகச் சமமாக மோதும் விளையாட்டுகள் மிகச் சில. குதிரையேற்றம் அவற்றில் ஒன்று. 1952-இல் ஹெல்சிங்கியில்தான் முதன்முதலாகப் பெண்களை டிரஸாஜ் என்னும் நடைப் பயிற்சிப் போட்டியில் சேர்த்தார்கள். அந்த முதல் முறையே டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயல் இழந்தவர் அவர்! குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டும். 1956-இலும் அவருக்கே வெள்ளி. உடம்புக்கு ஆகாது என்போர் இதற்கு என்ன சொல்வர்?

நம் நாட்டிலும் பார்ப்போம். 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் டிரஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. 1982 டில்லி ஆசிய விளையாட்டுக்குப் பின் குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது. குழுவில் நால்வர்: அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா. இருவர் பெண்கள். திவ்யகிருதி, அஜ்மீரில் பெண்கள் பள்ளியில் படித்தபோது குதிரை ஏறத் தொடங்கியவர் என்பதைக் கவனிக்கவேண்டும். பள்ளியில் தொடங்கியது தங்கம்வரை போயிருக்கிறது. அவர்கள் வசதியுள்ள குடும்பத்தினர், பல ஆண்டுகள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். தறி நெய்பவர், பீடி சுற்றுபவர், தீப்பெட்டி ஒட்டுபவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பாதை இன்று இல்லை. நாங்கள் பதக்கம் கேட்கவில்லை. தொடக்கத்தைக் கேட்கிறோம்.

விழுதல் உண்மையான ஆபத்து. அதை நாங்கள் லேசாகச் சொல்லமாட்டோம். தலைக்கவசம் இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது. குதிகால் உள்ள காலணி வேண்டும். இல்லையேல் பாதம் அங்கவடிக்குள் சிக்கி இழுபடும். தாவணியும் துப்பட்டாவும் ஆகாது, சிஸ்டர்மார் ஒரு சீருடைக்கு மனம் இசையவேண்டும். மே மாத வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடவேண்டும், நமக்காகவும் குதிரைக்காகவும். முதல் நாள்களில் ஏற்றமே கிடையாது என்று வைத்தால் பயந்த பிள்ளைகளும் சேருவார்கள். பாதிப் பேருக்குத் தேய்த்துவிடுவதிலேயே மனம் நிறைந்துவிடும் என்று நினைக்கிறோம்.

செலவு? பள்ளி ஒரு குதிரையை வாங்கிக் கட்டிப்போடுவது வீண். அதன் தீனிக்குப் பதில் பல பிள்ளைகளுக்கு மதிய உணவு போடலாம் என்று யாராவது சொன்னால் எங்களிடம் பதில் இல்லை. வாங்க வேண்டாம், மூன்று நாள் அழைத்து வந்தால் போதும். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவும் உண்டு. அதில் மாணவிகளும் சேர்ந்து சவாரி பழகுகிறார்கள். அத்தகையவர் ஒருவர் இங்கே வந்து சொல்லிக்கொடுத்தால், வருங்காலத்தில் கால்நடை வைத்தியர் ஆகலாம் என்ற எண்ணம் எங்களில் சிலருக்காவது முளைக்கும். கான்வென்டில் படித்தால் நர்ஸ் அல்லது டீச்சர் என்ற இரண்டே கதவுகளை எத்தனை நாள்தான் தட்டுவது?

குதிரைக்காரரையும் அழைக்கவேண்டும் என்பதில் எங்கள் வகுப்பில் பெரிய வாதமே நடந்தது. ஊர்வலக் குதிரையைத் துன்புறுத்துகிறவரே அவர்தானே என்றாள் ஒருத்தி. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் தான் அரைவயிறு உண்டு குதிரைக்குக் கொள்ளு வாங்குகிற மனிதர் அவர். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார். காது அசைவைப் பார்த்துக் கோபத்தைச் சொல்வார். இதை எந்தப் புத்தகமும் நமக்குக் கற்றுத் தராது. அவருக்குத் தெரியாதது தடுப்பூசியும், சேணம் பொருந்த வைப்பதும், நாடி பார்ப்பதும். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் நம் பெஞ்சியில் உட்கார்ந்து அதைக் கேட்கட்டும்; அடுத்த மணி நேரம் அவர் பேச, நாம் கேட்போம். முகாம் மூன்று நாள் என்றால் அந்த மூன்று நாளும் அவருடைய குதிரைக்குத் தீனியும் அவருக்குக் கூலியும் கொடுத்துவிடவேண்டும், ஓசியில் அழைக்கக்கூடாது.

வைகாசி பிறந்ததும் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே திரளும். அதையொட்டி முகூர்த்தங்களும் மிகுதி. அப்போது குதிரைக்கு ஓய்வே கிடைக்காது. ஆகவே முகாமை அதற்கு முன்போ, ஆடி மாதத்தில் ஊர்வலம் இல்லாத நாள்களிலோ வைப்பது நல்லது. ஆடி என்றால் பள்ளி நடந்துகொண்டிருக்கும். சனிக்கிழமைகளாக மூன்று எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டுத் திடலின் கிழக்கு ஓரத்தில் வேப்பமர நிழல் இருக்கிறது, குழாயும் பக்கத்தில். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி அந்த இடத்தைச் சுத்தம் செய்து வைக்க எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். பட்டியல் அலுவலக அறையில் இருக்கிறது.